மாமாவின் கைக்குத் தெரியாத இடம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆட்டுக் குடலைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. இதைக் குத்தலாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் பாதி சரி. மீதிப் பாதி நிஜமான மரியாதை. முப்பத்தொரு வருஷம் ஒரே ஹாலில், ஒரே மேஜையில், ஒரே குழாயடியில் நின்று ஒரு வேலையைச் செய்தவரை அதில் கரைகண்டவர் என்றுதானே சொல்ல வேண்டும்.

இறைச்சித் தொழிற்சாலையின் பின்பக்கம் அந்த ஹால். வெட்டும் பகுதியிலிருந்து தகரச் சரிவு வழியாக வயிற்றுச் சாமான் மொத்தமும் எஃகு மேஜைமேல் வந்து விழும், இன்னும் சூடு ஆறாமல். மாமா அதில் குடலின் நுனியைக் கண்டுபிடித்து, கொழுப்புச் சவ்விலிருந்து கிழியாமல் உருவி எடுப்பார். இரண்டு விரலுக்கு நடுவே கொடுத்து இழுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். அப்புறம் தண்ணீர் விட்டு, உட்புறத்தை வெளியே திருப்பி, வழவழப்பைச் சுரண்டி, மறுபடி குழாயில் மாட்டித் தண்ணீரால் நிரப்பி வெளிச்சத்தில் பிடிப்பார். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பீய்ச்சிக் காட்டிக்கொடுத்துவிடும். தேறியதெல்லாம் உப்புப் பீப்பாய்க்குப் போகும். அங்கிருந்து எங்கெங்கோ போய், உள்ளே இறைச்சி அடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அழகாகத் தொங்கும்.

ஓர் ஆட்டுக்கு இருபத்தைந்து மீட்டர் குடல் வரும். கையில் ஓடவிட்டே நீளம் சொல்லிவிடுவார், அரை மீட்டர் முன்னே பின்னே இருக்கும். அதனால் ஹாலில் அவருக்கு மீட்டர் என்றே பெயர். விரலில் தட்டுப்படுவதை வைத்து இது பட்டினியாக வந்த ஆடு, இது லாரியில் இரண்டு நாள் நின்ற ஆடு, இது சணல் தின்ற ஆடு என்றெல்லாம் சொல்வாராம். செத்த ஆட்டுக்கு ஜாதகம் எழுதுகிற ஒரே மனுஷன் என்று அக்கா கேலி செய்வாள்.

பெண் கேட்டு வந்தபோது எங்கள் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. குளித்துவிட்டு வந்திருந்தார், புதுச் சட்டை போட்டிருந்தார், இருந்தாலும் நகக்கண்ணிலிருந்து அந்த வாடை வந்தது. அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு மூக்கைச் சுளித்துக் காட்டினாள். அக்காதான், "நாத்தம் சோப்புல போயிடும்மா. குடிகாரனா இருந்தா எந்த சோப்பைப் போடுறது?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம், வாசலில் தனியாக ஒரு வாளியும் ஒரு கட்டி சோப்பும் அவருக்காகக் காத்திருக்கும். முழங்கை வரை மூன்று தரம் தேய்த்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. என்னைக் கட்டிக்கொண்டவன் வேலை தேடிப் போகிறேன் என்று போய் அப்படியே போய்ச் சேர்ந்தான், அதாவது உயிரோடுதான், வேறொருத்தியிடம். பதினோரு வருஷமாக நான் அவர்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். தையல் யூனிட்டில் காலர் வைக்கிற வேலை. ஒரு நாள், ஒரு பேச்சில், ஒரு பார்வையில்கூட மாமா என்னை அண்டிப் பிழைப்பவளாக நினைக்க வைத்ததில்லை. இனிமேல் நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறேன். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டு மேஜையில் அவர் வாய் ஓயாது. மற்ற வீடுகளில் ஊர்வம்பு ஓடும், எங்கள் வீட்டில் குடல் ஓடும். "மெல்லுற வரைக்கும்தான் உன் அதிகாரம். முழுங்கிட்டா அது உன் கையில இல்ல" என்று ஆரம்பிப்பார். தொண்டையைத் தாண்டிய கவளம் எட்டு, பத்து எண்ணுவதற்குள் இரைப்பைக்குப் போய்விடும். அது விழுந்து போவதில்லை. குழாய் மேலே சுருங்கிக் கீழே விரிந்து பிசைந்து தள்ளுகிறது, அதனால் தலைகீழாக நின்று முழுங்கினாலும் போகும். இரைப்பையில் மூன்று நான்கு மணி நேரம் புளித்துக் கூழாகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு இறங்கும். அங்கே பித்தம் வந்து சேரும், சத்தெல்லாம் உறிஞ்சப்படும். பிறகு வலப்பக்கம் அடிவயிற்றில் ஒரு குறுகலான வாய் தாண்டிப் பெருங்குடல். அதில் ஏறி, குறுக்கே போய், இறங்கி, ஒரு நாளோ ஒன்றரை நாளோ கழித்து விடுதலை. ஆட்டுக்கு இரைப்பையில் நான்கு அறை, நமக்கு ஒன்றுதான், அதனால்தான் மனுஷனுக்கு எல்லாவற்றிலும் இவ்வளவு அவசரம் என்பார். நான் தட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போன நாள்களும் உண்டு. அக்கா மட்டும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். நூறு தரம் கேட்டதை நூற்றொன்றாம் தரம் கேட்கிற பொறுமை அவளுக்கு இருந்தது. அது பொறுமையா, பிரியமா என்று எனக்குத் தெரியாது.

மனுஷ வயிற்றைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்றால், தொழிற்சாலையில் ஆடுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற கால்நடை மருத்துவர் சொன்னது. மாமா அவரைக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுத் துளைப்பாராம். அவரும் ஒருநாள் சலித்துப்போய், மனுஷனுக்கும் ஏறக்குறைய இதேதான், நீளம்தான் கம்மி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மனுஷர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஏறக்குறைய என்ற சொல்லை மாமா அங்கேயே விட்டுவிட்டு, மற்றதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

தெருவிலும் அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. வேன் ஓட்டுகிறவரின் பெண் குழந்தை ஒரு தரம் சட்டைப் பித்தானை முழுங்கிவிட்டது. தாய்க்காரி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மாமா பித்தான் எவ்வளவு பெரிசு, எத்தனை மணிக்கு முழுங்கினாள், அதற்கப்புறம் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். விரல்விட்டு எண்ணினார். நாளை மறுநாள் காலையில் வந்துவிடும், ரொட்டியும் வாழைப்பழமும் கொடு என்றார். சொன்ன மாதிரி மூன்றாம் நாள் காலையில் வந்தது. தாய்க்காரி அதைக் கழுவி எடுத்துவந்து காட்டினாள். அதற்குப் பிறகு தெருவில் யாருக்கு வயிறு உப்பினாலும், இரண்டு நாள் போகாவிட்டாலும் எங்கள் வீட்டுக்கதவுதான் தட்டப்படும். கையை வைத்து அழுத்திப் பார்ப்பார், சுக்கு என்பார், வெந்நீர் என்பார், விளக்கெண்ணெய் என்பார். பத்தில் ஒன்பது பேருக்குச் சரியாகிவிடும். மற்றவர்களுக்கும் தானாகவே சரியாகிவிடும். வயிற்றுவலியில் முக்கால்வாசி அப்படித்தான் என்று எங்களுக்கு யார் சொன்னது?

அக்காவுக்கு வலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தொப்புளைச் சுற்றிப் பிசைகிறது என்றாள். காலைச் சாப்பாடு வேண்டாம் என்றாள், ஒரு தரம் வாந்தி எடுத்தாள். மாமா முந்தின நாள் அவள் சாப்பிட்டதை எல்லாம் கேட்டார். ராத்திரி எட்டு மணிக்கு ரொட்டி, முட்டைக்கோஸ், ஒரு முட்டை. கணக்குப் போட்டார். முட்டைக்கோஸ்தான் சண்டித்தனம் பண்ணுகிறது, சிறுகுடல் கடைசியில் வந்து நிற்கிறது, மத்தியானத்துக்குள் தாண்டிவிடும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். நானும் போனேன்.

சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது வலி இடம் மாறியிருந்தது. தொப்புளில் இல்லை, வலப்பக்கம் அடிவயிற்றில், ஒரே இடத்தில். விரல் வைத்துக் காட்டினாள். மாமாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "பாத்தியா, நகருது. நகருதுன்னா வழி திறந்திருக்குன்னு அர்த்தம்" என்றார். அந்தக் குறுகலான வாய் அங்கேதான் இருக்கிறதாம். ஹாலிலும் ஆட்டுக் குடலில் அடைப்பு என்றால் பெரும்பாலும் அங்கேதான் தட்டுப்படுமாம். இன்னும் ஒரே ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்றார்.

வலி நகர்ந்தது உண்மை. ஆனால் நகர்ந்தது முட்டைக்கோஸ் இல்லை. அந்த வியாதி அப்படித்தான் வருமாம், முதலில் தொப்புளில் தொடங்கி, பிறகு வலப்பக்கம் இறங்கி நிற்குமாம். இதெல்லாம் எனக்கு எட்டு நாள் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு அவர் சொன்னது எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்றால், நானே அக்காவின் தலையைத் தூக்கிப் பிடித்தேன், அவர் விளக்கெண்ணெயை ஊற்றினார். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். அப்புறம் அவர் வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்து, வயிற்றை உள்ளங்கையால் மெல்ல மெல்ல நீவிவிட்டார், ஹாலில் எந்தப் பக்கம் தள்ளுவாரோ அதே பக்கமாக. அவ்வளவு பிரியமாகச் செய்தார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

புதன்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். கூனிக்கொண்டுதான் நடந்தாள். வலது காலை நீட்ட முடியவில்லை. எண்ணெய் குடித்தும் சரியாகப் போகவில்லை. நான் யூனிட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, காய்ச்சல் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வழக்கமாக ஒரு வார்த்தை பேசாதவர், சீட்டைப் பார்ப்பார், மாத்திரையை வெட்டிக் கொடுப்பார். அன்றைக்கு அவரே எங்கே வலி, எப்போதிலிருந்து, காலை நீட்ட முடிகிறதா என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"இது குடல்வாலா இருக்கலாம்மா. நான் டாக்டர் இல்ல. ஆனா நீங்க இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பேதிக்கு மட்டும் எதுவும் குடுத்துடாதீங்க."

முந்தின நாளே விளக்கெண்ணெய் ஊற்றியாயிற்று. வீட்டுக்கு ஓடினேன். மாமா பத்து மணி ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், ரப்பர் பூட்ஸைப் பையில் வைத்துக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். அவர் சிரித்தார். தெரியாத குழந்தைக்குச் சொல்வதுபோல் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"அந்த இடத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதாம்மா? சின்னக் குடல் பெரிய குடல்ல சேர்ற இடம். அங்க ஒரு பக்கம் மூடின பை ஒண்ணு இருக்கும். அதோட முனை மழமழன்னு உருண்டையா இருக்கும். தினம் ஆயிரம் பாக்குறேன். அதுல வாலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கடைக்காரன் எங்கயோ படிச்சதைச் சொல்றான். நான் தொட்டுப் பாத்ததைச் சொல்றேன்."

முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை லட்சம் குடல் அந்தக் கையில் ஓடியிருக்கும். ஆட்டுக்கு அந்த வால் கிடையாது. அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. மனுஷர் எல்லோருக்கும் இருக்கிறது, அவர் கையில் வந்து விழுகிற ஆட்டுக்குத்தான் இல்லை. படிக்காத ஒரு கூலிக்காரர், ஒரு வண்டிக்காரர், யாராக இருந்தாலும் கடைக்காரர் சொன்னதும் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவருக்கு அந்தப் பயம் இல்லாமல் போனதற்குக் காரணம் அவருக்கு அவ்வளவு தெரிந்திருந்ததுதான். போகும்போது அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியிருப்பார். அக்கா கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தாள். கை கொதித்தது.

"என்னைக் கூட்டிட்டுப் போடி. இது அவர் சொல்றது இல்ல. வேற என்னமோ."

அந்த நிமிஷத்தை எத்தனையோ தரம் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். வேன்காரர் வண்டி வாசலில்தான் நின்றது. ஆஸ்பத்திரி இருபது நிமிஷம். எனக்குக் கை இருந்தது, கால் இருந்தது, வாய் இருந்தது. ஆனால் பதினோரு வருஷம் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவள், அவர் பேச்சை மீறி அவர் மனைவியைத் தூக்கிக்கொண்டு போய், அங்கே ஒன்றுமில்லை வாயுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தேன். நான் யோசித்தது அதைத்தான். அக்காவிடம், "மாமா வரட்டும்க்கா, வந்ததும் போலாம்" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

பிற்பகல் இரண்டு மணி இருக்கும், திடீரென்று அவளுக்கு வலி விட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்தாள். அவளாகவே தலையைச் சீவிக்கொண்டாள். எனக்கு உயிர் வந்தது. மாமா வந்ததும் விஷயத்தைக் கேட்டு, கை கழுவக்கூட மறந்து அப்படியே உள்ளே வந்துவிட்டார், அத்தனை வருஷத்தில் அது ஒரே தரம். போய்விட்டது பார், தாண்டிவிட்டது பார் என்று என்னிடம் சொன்னார். மருந்துக்கடைக்காரரை நான் மனசுக்குள் திட்டினேன். அரிசியைக் குழைய வேகவைத்துக் கஞ்சி கொண்டுவந்தேன், அரைக் கிண்ணம் குடித்தாள். இப்போது தொண்டையைத் தாண்டியது, இப்போது இரைப்பைக்குப் போயிற்று, ஒன்பது மணிக்குச் சிறுகுடலுக்கு இறங்கும் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் போய்ப் படுத்தேன்.

வீங்கியிருந்தது உள்ளே உடைந்தால் வலி கொஞ்ச நேரம் விடுமாம். பிறகு சொன்னார்கள்.

வியாழன் காலையில் அவள் முகம் வெளுத்திருந்தது. மூக்கு கூர்ந்து, உதடு காய்ந்து, நாய் இரைப்பதுபோல் குட்டைக் குட்டையாக மூச்சு. வயிறு பலகையாக இருந்தது. மாமா வழக்கம்போல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு குனிந்து காதை வைத்தார். குடல் என்றால் உள்ளே எப்போதும் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும், தூங்கும்போதுகூட, என்று அவரே சொல்வார். வெகுநேரம் காதை வைத்தபடியே இருந்தார். எங்களுக்கு முன்னால், டாக்டருக்கு முன்னால், அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஓடல" என்றார்.

வேன்காரர்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி எத்தனை நாளாக என்பது. இரண்டாவது கேள்வி, பேதி மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்பது. மாமா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், எத்தனை மணிக்கு, எத்தனை கரண்டி என்பது வரைக்கும். எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் பேனாவை நிறுத்தி அவரை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள்.

மூன்று மணி நேரம் ஆபரேஷன். அறுவை மருத்துவர் ஓர் அம்மா, என் வயசுதான் இருக்கும். வெளியே வந்து, குடல்வால் உடைந்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது, கழுவிவிட்டிருக்கிறோம், நேற்றே கொண்டுவந்திருந்தால் வேறு பேச்சு, இனிமேல் பார்க்கலாம் என்றார். மாமா அந்தம்மாவின் பின்னாலேயே போனார். அதை நான் பார்க்க முடியுமா என்று கேட்டார். டாக்டருக்கு எப்படி மறுப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது. பரிசோதனைக்கு அனுப்ப வைத்திருந்த சின்னக் குப்பியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

சுண்டுவிரல்கூட இல்லை. கறுத்துப்போய், ஒரு பக்கம் கிழிந்து கிடந்தது. மாமா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எல்லாருக்கும் இருக்கா டாக்டர்?"

"எல்லாருக்கும் இருக்கு."

"எனக்கும்?"

"உங்களுக்கும்."

குப்பியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பெஞ்சில் வந்து உட்கார்ந்து தன் வலப்பக்க அடிவயிற்றை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அந்த இடத்திலேயே அறைய வேண்டும்போல் இருந்தது. அப்படித் தோன்றியதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஐந்து நாள் அந்த வார்டில் இருந்தோம். அக்காவின் மூக்கு வழியாக ஒரு குழாய் இரைப்பை வரை இறக்கியிருந்தார்கள். அதில் பச்சையாக ஏதோ மேலே ஏறி வந்து பையில் விழுந்துகொண்டே இருந்தது. அது என்ன என்று நான் கேட்கவில்லை. பித்தம், கீழே போக வழியில்லாமல் மேலே வருகிறது என்று அவரே சொன்னார். அவள் தண்ணீர் கேட்டாள். கொடுக்கக்கூடாது, நனைத்த பஞ்சால் உதட்டைத் தொடலாம், அவ்வளவுதான். குடல் மறுபடி ஓட ஆரம்பித்ததற்கு அடையாளம் காற்றுப் பிரிவது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் காலையும் மாலையும் ரவுண்ட்ஸில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி அதுதான். பக்கத்துக் கட்டில்காரி, அவளைப் பார்க்க வந்த அவள் மாமியார், தரை துடைக்கிறவள் எல்லோரும், காத்துப் பிரிஞ்சுதா, காத்துப் பிரிஞ்சுதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். வேறு நாளாக இருந்தால் அக்கா சிரித்தே புண்ணாகியிருப்பாள். மாமா ஒவ்வொரு மணிக்கும் அவள் வயிற்றில் காது வைத்தார். மூன்றாம் நாள் நர்ஸ்கள் அவரைத் தடுப்பதை விட்டுவிட்டார்கள்.

அது பிரியவே இல்லை. நான்காம் நாள் அவளுக்கு நினைவு தப்பியது. ஐந்தாம் நாள் பகல் பதினொன்றரைக்கு, நான் ஃபிளாஸ்க் கழுவப் போயிருந்தபோது, போய்விட்டாள். நான் திரும்பி வந்தபோது மாமாவின் காது இன்னும் அவள் வயிற்றின்மேல் இருந்தது. நர்ஸ் அவர் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

தெரு சும்மா இருக்குமா. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் அவர் காதுபடவே சொன்னார்கள். ஆட்டுக்குப் பார்க்கிறவன் ஆளுக்குப் பார்த்தால் இப்படித்தான் என்றார்கள். கையாலேயே கொன்றுவிட்டான் என்றாள் ஒருத்தி. பித்தான் முழுங்கிய பிள்ளையின் தாய்க்காரிதான் அவள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இருபது நாள் ஒரே வீட்டில், சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

வேலைக்குத் திரும்பிய பிறகு அங்கேயும் தொல்லை. மேஸ்திரி ஒருநாள் வீடு தேடி என்னிடம் வந்தார். மீட்டர் ஒவ்வொரு ஆட்டிலும் அந்த மூடின பை வந்ததும் நின்றுவிடுகிறாராம். முனையை விரலால் உருட்டி உருட்டிப் பார்க்கிறாராம், ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. அதற்குள் சரிவில் இன்னும் பத்து ஆட்டின் சாமான் வந்து குவிந்துவிடுகிறதாம். மேஸ்திரி நல்ல மனுஷர், வேலையை விட்டுப் போகச் சொல்ல வாய் வரவில்லை. உப்புப் பீப்பாய்ப் பக்கம் மாற்றிவிட்டேன், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். உப்பு வாரி வாரி மாமாவின் கை வெடித்துப்போயிற்று. குடல் பக்கம் அவர் மறுபடி போகவில்லை. தெருவில் யாராவது பழக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால், அவர்கள் வாயைத் திறப்பதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்.

அவரைத் திட்டுவது எனக்கு வசதியாக இருந்தது. தெருவே திட்டியது, நானும் சேர்ந்துகொண்டேன். அவர் ஒருவர் மேல் மொத்தப் பழியும் போய் விழுந்து, அப்படியே நின்றது. அந்தப் புதன்கிழமை காலையில் நடந்தது வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தேன். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மெலிந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கேட்பதற்குப் பல நாளாகத் தைரியம் சேர்த்திருக்கிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"புதன்கிழமை நான் வேலைக்குப் போனப்புறம் அவ ஏதாவது கேட்டாளாம்மா? ஆஸ்பத்திரிக்குப் போணும், அது இதுன்னு?"

சொல்லியிருக்கலாம். கேட்டாள் மாமா, உங்கள் மேல் நம்பிக்கை போய் என் கையைப் பிடித்துக் கேட்டாள், நான்தான் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவரும் நானும் சேர்ந்து அழுதிருக்கலாம். பயந்துவிட்டேன். அவருக்காகத்தான் மறைத்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

"இல்ல மாமா. ஒண்ணும் கேக்கல. தூங்கிட்டுதான் இருந்தா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்போ கடைசி வரைக்கும் என்னையேதான் நம்பியிருக்கா" என்றார்.

சொல்லிவிட்டுச் சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அழாதவர், தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் அழாதவர், வாயைத் திறந்துகொண்டு சத்தம் வராமல் அழுதார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பாரத்தில் பாதியை நான் வாங்கியிருக்கலாம். பால் பொங்கி வந்தது. நான் திரும்பி அடுப்பை அணைத்தேன்.